செவ்வாய்க்கிழமை டூட்டி

செவ்வாய்க்கிழமை வந்துவிட்டால் ஊசிக்கு வீட்டில் இருப்புக் கொள்ளாது. காலை எட்டரைக்குள் குளித்து, தலை வாரி, இஸ்திரி போட்ட உடுப்பை மாட்டிக்கொண்டு, கைப்பையைத் தோளில் போட்டபடி கூடத்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்துவிடுவாள். பைக்குள் தண்ணீர் பாட்டில், வேகவைத்த முட்டை இரண்டு, மடக்குக் குடை, ஊசி நூல் டப்பா எல்லாம் இருக்கும். போவதற்குத்தான் ஓரிடமும் இருக்காது.

"எங்கடி கிளம்பிட்ட?" என்று அக்கா உள்ளேயிருந்து கேட்பாள்.

"எங்கயும் இல்லக்கா. சும்மாதான்."

"சும்மா இருக்கறதுக்கு எதுக்கு குடை?"

இதற்கு ஊசியிடம் பதில் கிடையாது. பதில் இல்லாமல் முழிப்பது அவளுக்குப் பழக்கமில்லாத காரியம். வெளிநாட்டில், பெரிய ஹோட்டல் ஒன்றின் யூனிஃபார்ம் ரூமில் பதினேழு வருஷம் தையல்காரியாக இருந்தவள். சமையல்காரர்களின் கோட்டு, வாசல்காரனின் கால்சட்டை, வரவேற்பறைப் பெண்களின் பாவாடை என்று ஒரு நாளைக்கு நாற்பது உருப்படி அவள் கைக்கு வரும். பட்டனைத் தொலைத்துவிட்டு வந்து நிற்கிற மேனேஜரைக்கூட ஒரு வார்த்தை கேட்காமல் விடமாட்டாள். அங்கே அவளோடு ஒரே அறையில் தங்கியிருந்த சலவைக்காரிதான் இந்தப் பெயரை வைத்தாள். கையில் இருந்த ஊசிக்குப் பாதி, வாயில் இருந்த ஊசிக்குப் பாதி.

ஊசி ஒரேயடியாகத் திரும்பி வந்து மூன்று மாதம் ஆகிறது. அவள் போகும்போது மகளுக்கு மூன்று வயது. புருஷன் போய்ச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. குழந்தையை அக்கா கையில் கொடுத்துவிட்டு விமானம் ஏறினாள். அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. யாராவது கேட்டால், "அதான் இந்த மெஷினைக் கட்டிக்கிட்டேனே" என்று தையல் மெஷினைக் காட்டிச் சிரித்துவிடுவாள். தெருவில் பாதிப் பேருடைய ரவிக்கையும் எல்லாப் பிள்ளைகளுடைய பள்ளிச் சீருடையும் அவள் தைத்ததுதான். ஊசியின் மகள் இப்போது வளர்ந்து வேறு ஊரில் வேலைக்குப் போகிறாள். வீட்டில் மிச்சம் இருப்பது அக்காவும் தங்கையும் அந்த மெஷினும்தான்.

வெளிநாட்டுக்குப் போனவர்கள் சொந்த ஊரை நினைத்து ஏங்குவதைப் பற்றி ஊரெல்லாம் பேசுகிறார்கள். திரும்பி வந்த பிறகு அந்த அந்நிய ஊரை நினைத்து ஏங்குகிறவர்களைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. சொன்னால், திமிர் என்பார்கள். ஊசிக்கு அந்த ஏக்கம் இருந்தது. சமயத்தில் தட்டில் கைவைத்தபடி சாப்பிட மறந்து உட்கார்ந்திருப்பாள். ஆனால் யாரிடமும் சொல்லி ஆற்றிக்கொள்ள வழியில்லை. ஏனென்றால் அவள் ஏங்கிய அந்தச் செவ்வாய்க்கிழமைகள், அவளே கொடுத்த வாக்குமூலப்படி, நடக்கவே இல்லை.

அது இப்படி ஆரம்பித்தது. ஹோட்டலில் அவளுக்கு வார விடுமுறை செவ்வாய்க்கிழமை. முதல் மாதம், மூன்றாவது செவ்வாய், சலவைக்காரி அவளை அறைக்குள் அழுதுகொண்டு கிடக்கவிடாமல் கையைப் பிடித்து இழுத்து ஒரு பஸ்ஸில் ஏற்றினாள். ஒன்றரை மணி நேரப் பயணம். இறங்கிய இடத்தில் ஒரு ஏரி. ஏரியைச் சுற்றி நடந்தார்கள், முட்டையும் ரொட்டியும் தின்றார்கள், காலை நனைத்தார்கள். புருஷன் செத்த பிறகு முதல் தடவையாக ஊசி வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். திரும்பியதும் அதே சந்தோஷத்தோடு அக்காவின் கைபேசிக்கு போன் போட்டு, "அக்கா, இன்னைக்கு ஒரு ஏரிக்குப் போயிருந்தேன்" என்றாள்.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து அக்கா, "அப்படியா. நல்லா இருந்துச்சா?" என்று கேட்டாள். குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. பின்னால் ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. விசாரித்தால், மகளுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். ஆஸ்பத்திரி வராந்தாவில் அவளை மடியில் போட்டுக்கொண்டு அக்கா காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் உட்கார்ந்திருக்கிறாள்.

ஊசிக்கு உயிரே போய்விட்டது. பெற்ற பிள்ளை காய்ச்சலில் கிடக்க, தான் ஏரியில் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோமே என்று அன்று இரவெல்லாம் தலையணையைக் கடித்தாள். அடுத்த செவ்வாய் போன் போட்டபோது அக்கா கேட்காமலேயே ஊசி சொன்னாள்: "இனிமே செவ்வாய்க்கிழமையும் டூட்டி போட்டுட்டாங்கக்கா. லீவெல்லாம் கிடையாது."

ஒரு பொய் சொன்னால் அதற்குத் தீனி போட்டு வளர்க்கவேண்டும் அல்லவா. ஊசி அதை நன்றாகவே வளர்த்தாள். தொலைபேசி யூனிஃபார்ம் ரூம் வாசலில் இருந்தது. ஒயரை உள்ளே இழுத்து, ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு, தன் மெஷின் முன்னால் உட்கார்ந்துவிடுவாள். பேச்சுக்கு நடுவே காலை அழுத்துவாள். மெஷின் டர்ர்ர் என்று ஓடும். அதில் துணியும் இருக்காது, நூலும் இருக்காது. "கேக்குதா அக்கா, இங்க வேலை தலைக்கு மேல கிடக்கு" என்பாள். ஊசிக்கும் சொந்தமாகக் கைபேசி வந்த பிறகும் செவ்வாய் மாலை ஏழு மணிக்கு இதே கூத்துதான். உலகத்தில் எத்தனையோ தையல்காரிகள் வேலை செய்யாமல் வேலை செய்ததாகச் சொல்லியிருப்பார்கள். விடுமுறை நாளில் வேலைக்கூடத்துக்கு மெனக்கெட்டு வந்து வெறும் மெஷினை மிதித்தவள் இவள் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

ஆனால் செவ்வாய் ஏழு மணிக்கு முந்தைய பத்து மணி நேரம் அவளுடையது. யாரும் அதைத் தொட முடியாது. பஸ் பாஸை வைத்துக்கொண்டு ஒரு நாளில் போய்த் திரும்பக்கூடிய ஊர் எதையும் அவளும் சலவைக்காரியும் விட்டுவைக்கவில்லை. மலைமேல் ஏறும் குட்டி ரயில், ஆற்றைக் கடக்கும் படகு, பழைய விளக்குகளை மட்டுமே வைத்திருந்த ஒரு கண்காட்சி, ஒன்றுமே இல்லாத ஊர்கள்கூட. ஒரு ஊரில் பஸ் நிலையத்தையும் ஒரு தபாலாபீசையும் தவிர வேறெதுவும் இல்லை. அந்தத் தபாலாபீஸ் படியில் உட்கார்ந்து மழை விடும்வரை சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அப்புறம் அந்த பாண்டு வாத்தியக் குழு. ஒரு செவ்வாய் மழைக்கு ஒதுங்கிய இடம் பள்ளிக்கூடம் ஒன்றின் விளையாட்டுக் கூடம். உள்ளே முப்பது பேர் கையில் ஊதுகுழல்களோடு உட்கார்ந்திருந்தார்கள். தபால்காரர், பல் டாக்டர், பஸ் டிரைவர் இரண்டு பேர், பள்ளி மாணவிகள், பூட்டு ரிப்பேர் செய்யும் ஒரு பெரியவர். எல்லாரும் வாரத்துக்கு ஒரு நாள் நாலு மணிக்குக் கூடி ஆறு மணிவரை வாசித்துப் பழகுகிறவர்கள். நடத்துகிறவள் மருந்துக்கடைக்காரி. கையில் கோல்கூடக் கிடையாது, பென்சில்தான். யாராவது தப்பாக ஊதினால் பென்சிலால் டக் டக் என்று தட்டி நிறுத்துவாள். அத்தனை பேரும் மறுபடி முதலிலிருந்து தொடங்குவார்கள். ரப்பர் வாசம் அடிக்கும் அந்தக் கூடத்தில் பித்தளைச் சத்தம் எழுந்து நெஞ்சில் வந்து இடித்தபோது ஊசி அப்படியே நின்றுவிட்டாள். அக்காவின் நினைவுதான் முதலில் வந்தது.

சின்ன வயதில் ஊருக்கு சர்க்கஸ் வந்தால் டிக்கெட் எடுக்க வீட்டில் வழியில்லை. அக்காவும் தங்கையும் கூடாரத்துக்கு வெளியே, பின்பக்கமாய்ப் போய் நின்றுகொள்வார்கள். உள்ளே பாண்டு வாசிக்கும். டமாரம் அதிர்ந்தால் புலி வந்துவிட்டது என்பாள் அக்கா. குழல் மட்டும் மெல்ல இழுத்தால், கம்பிமேல் ஒரு பெண் நடக்கிறாள். ஒரு சிங்கத்தையும் பார்க்காமலே சர்க்கஸ் முழுவதையும் அக்கா அவளுக்குக் காட்டிவிடுவாள்.

பூட்டுக்காரப் பெரியவர் வாசித்தது டூபா என்கிற பெரிய பித்தளைக் குழல். ஒரு ஆளையே மடியில் தூக்கி வைத்துக்கொண்ட மாதிரி இருக்கும் அந்த வாத்தியம். இரண்டாம் வாரம் அவர் மூச்சை முட்ட இழுத்து ஊதியதில் முதுகுப்பக்கம் கோட்டுத் தையல் விட்டுப்போய், நீளமாய்ப் பிளந்துகொண்டது. கூடமே சிரித்தது. ஊசி கைப்பையிலிருந்து டப்பாவை எடுத்தாள். அவர் கோட்டைக் கழற்றக்கூட விடவில்லை. பின்னால் நின்று, போட்ட கோட்டிலேயே ஐந்து நிமிஷத்தில் தைத்துக் கொடுத்தாள். அன்றிலிருந்து டூபாவுக்குப் பின்னால் ஒரு நாற்காலி அவளுக்கென்று போடப்பட்டது. பதினாறு வருஷம் அந்த நாற்காலியில் வேறு யாரும் உட்காரவில்லை.

ஒரு கோடையில் பாண்டுக்காரர்கள் வெளியூரில், திறந்தவெளியில் வாசிக்கப் போனார்கள். கோட்டுகளுக்குக் காவல் என்று சொல்லி ஊசியையும் தங்கள் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டார்கள். இறங்கிப் பார்த்தால் அதே ஏரி. கரையில் மேடை போட்டிருந்தது. வாரக்கணக்கில் துண்டு துண்டாகக் கேட்ட பாட்டு அன்றைக்குத்தான் நிற்காமல் கடைசிவரை போயிற்று. பென்சில் தட்டாத அந்த ஆறு நிமிஷமும் ஊசி பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முடிந்ததும் பக்கத்திலிருந்த கோட்டில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அது பல் டாக்டருடைய கோட்டு.

ஏழு மணிக்கு ஹோட்டலுக்குத் திரும்ப முடியவில்லை. கரையில் தள்ளிப்போய் நின்று போன் போட்டாள். சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனிவரை வந்தது.

"என்னடி, இன்னைக்கு மெஷின் சத்தமே காணோம்?" என்றாள் அக்கா.

"ரிப்பேருக்கா."

"ரிப்பேராவே கிடக்கட்டும் விடு. உன் குரல் நல்லா கேக்குது."

ஊசி ஏதோ சமாளித்து வைத்துவிட்டாள். அடுத்த செவ்வாய் மெஷின் மறுபடி ஓடியது.

இதெல்லாம் போன கதை. இப்போது நடந்ததற்கு வருவோம். எதிர்வீட்டில் ஒரு டீச்சர் இருக்கிறார், ஓய்வு பெற்றவர். தெருமுனை நூலகத்துக்குச் செவ்வாய் விடுமுறை. அன்று அதன் மாடி ஹால் காலியாக இருப்பதால் மாலை ஐந்தரைக்கு யாராவது வந்து பாடுவார்கள், வயலினோ புல்லாங்குழலோ வாசிப்பார்கள். நாற்பது பேர் கேட்பார்கள். டீச்சர்தான் தெருப் பெண்களை எல்லாம் கூட்டிப் போகிறவர். கைப்பையும் குடையுமாக ஊசி உட்கார்ந்திருந்த பதின்மூன்றாம் செவ்வாய், அக்கா கடைக்குப் போயிருந்த நேரம், டீச்சர் தைக்கக் கொடுத்திருந்த ரவிக்கையை வாங்க வந்தார்.

"சாயங்காலம் அக்காவைக் கூட்டிட்டு வாம்மா. அவங்களால இனிமே சாக்கு சொல்ல முடியாது" என்றார்.

"என்ன சாக்கு டீச்சர்?"

"உனக்குத் தெரியாதா? இத்தனை வருஷமா கூப்பிடறேன், ஒரு தடவை படியேறினதில்ல. 'என் தங்கச்சி அங்க ஒரு நாள் ஓய்வில்லாம தைச்சிட்டு இருக்கா, நான் இங்க பாட்டு கேட்டுட்டு உக்காரவா டீச்சர்'னு வாயை அடைச்சிடுவாங்க. ஜன்னலைத் திறந்து வெச்சுக்கிட்டு தைப்பாங்க, அவ்வளவுதான். காத்து இந்தப் பக்கம் அடிச்சா கொஞ்சம் கேக்கும்."

டீச்சர் ரவிக்கையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஊசி நாற்காலியிலிருந்து எழவில்லை. பதினேழு வருஷம். தான் டூபாவுக்குப் பின்னால் தனி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அதே செவ்வாய்களில் அக்கா காற்றடிக்கும் திசை பார்த்து ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறாள். கூடாரத்துக்கு வெளியே. இன்னமும் வெளியேதான். ஒரு பொய் ஒருத்தியின் காதை இப்படிப் பொத்திவிடும் என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் சொல்லியிருக்கவே மாட்டாள் என்று நினைத்தாள். அப்புறம், தெரிந்திருந்தாலும் சொல்லியிருப்போமோ என்று தோன்றியது.

வாயை மூடிக்கொண்டு சாயங்காலம் அக்காவை ஹாலுக்குக் கூட்டிப்போனால் காரியம் சுமுகமாக முடிந்துவிடும். யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் அங்கே பக்கத்தில் உட்கார்ந்து, முதல்முறை கேட்பவளைப் போல முகத்தை வைத்துக்கொள்ள வேண்டும். மிச்ச காலம் முழுக்க வெறும் மெஷினை மிதித்துக்கொண்டே இருக்கவேண்டும். சொன்னாலோ, இந்த வயதில் அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டால் அவளுக்குப் போக வேறு வீடு கிடையாது, வேறு ஆளும் கிடையாது.

மத்தியானம் சாப்பாடு முடிந்து அக்கா மெஷின் முன் உட்கார்ந்ததும் ஊசி தரையில், அவள் காலடியில் உட்கார்ந்தாள். அக்காவின் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியமில்லை. மெஷின் பெடலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அக்கா, எனக்கு செவ்வாய்க்கிழமை டூட்டியே கிடையாது. ஒரு வாரம்கூட கிடையாது. ஊர் சுத்தினேன். பாண்டு கேட்டேன். பதினேழு வருஷமும்."

அக்கா ஒரு கையைச் சக்கரத்தின்மேல் வைத்து மெஷினை நிறுத்தினாள்.

"தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

அக்கா தைத்துக்கொண்டிருந்த சட்டைக்கையை மெல்ல வெளியே உருவினாள். நூலை அறுத்தாள். வெறும் மெஷினைக் காலால் அழுத்தினாள். டர்ர்ர் என்று ஓடியது. லேசான, பாரமில்லாத, கடகடத்த சத்தம்.

"நாப்பது வருஷமா இதுமேல உக்காந்திருக்கேன். துணி கடிச்சு ஓடற சத்தத்துக்கும் வெறுமனே ஓடற சத்தத்துக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதா? நீயும் தையல்காரிதானே. யாரை ஏமாத்தறோம்னு ஒரு நிமிஷம் யோசிச்சிருக்க வேண்டாமா?"

ஊசிக்கு முகம் எரிந்தது. பதினேழு வருஷம் யார் யாருடைய தையலிலோ குற்றம் கண்டுபிடித்தவளுக்கு இது மட்டும் தோன்றவே இல்லை.

"முதல்ல பயந்துட்டேன். வேலை போயிடுச்சோ, வேற ஏதாவது வம்புல மாட்டிக்கிட்டியோன்னு. அப்புறம் குரலைக் கவனிச்சேன். மத்த நாள்ல பேசறதைவிட செவ்வாய்க்கிழமை உன் குரல் நல்லா இருக்கும். சரி, சந்தோஷமா எங்கயோ போயிட்டு வரா, சொல்றதுக்கு மனசில்லன்னு விட்டுட்டேன்."

"அப்ப நீ ஏன்க்கா ஹாலுக்குப் போகல? தெரிஞ்சும் ஏன் போகல?"

"நீ லீவே இல்லாம தைக்கறேன்னு நீதானே சொன்ன. நாலு பேர் உன்னைப் பத்தி கேப்பாங்க, நானும் அதையேதான் சொன்னேன். பிள்ளையை விட்டுட்டுப் போனவளைப் பத்தி தெரு சும்மா இருக்குமா? அப்படிச் சொல்லிட்டு நான் ஒய்யாரமா பாட்டு கேக்கப் போனா யாருடி நம்புவா? நீ சொன்ன பொய்க்கு நான்தான் காவல் உக்காந்தேன்."

ஊசி அக்காவின் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். மன்னிச்சுக்கோ என்று சொன்னாளா இல்லையா என்று அவளுக்கே நினைவில்லை. அக்கா தலையைத் தடவிக் கொடுக்கவில்லை. அவளுக்குக் கோபம் இருந்தது, அது குரலிலும் இருந்தது.

"ஹால் கிடக்குது ஹால். அதுக்கு நான் வருத்தப்படல. நீ ஊர் சுத்தினதுக்கும் வருத்தப்படல. வாரா வாரம் செவ்வாய்க்கிழமை போனை காதுல வெச்சுக்கிட்டு, இன்னைக்காவது சொல்லுவா, இன்னைக்காவது எங்க போனான்னு சொல்லுவான்னு உக்காந்திருப்பேன். நானும் கூடவே வந்த மாதிரி இருந்திருக்கும்ல? நீ சொல்லியிருந்தா நான் பார்த்திருப்பேன். அதைக் கொடுக்காம எனக்கு வெறும் மெஷின் சத்தத்தைக் கொடுத்தியே, அதுதான்டி ஆறல."

"முதல் தடவை சொன்னேனேக்கா. நீ பேசவே இல்ல."

"பக்கத்துல நர்ஸ் பிள்ளைக்கு ஊசி போட்டுட்டு இருந்தா. கையைக் காலைப் பிடிச்சுக்கிட்டு இருந்தேன். அப்பவும் நான் 'நல்லா இருந்துச்சா'ன்னு கேட்டேன்." அக்காவின் குரல் உடைந்தது. "நிஜமாத்தான் கேட்டேன். நீதான் பதிலே சொல்லல."

தெருவில் யாரோ கேட்டைத் தட்டினார்கள். எதிர்வீட்டு டீச்சர், கையில் விசிறியோடு, பின்னால் தெருப் பெண்கள் நாலைந்து பேர். மணி ஐந்தேகால் ஆகிவிட்டிருந்தது.

"கிளம்பலாமா? இன்னைக்கு சாக்கு எதுவும் கிடையாது" என்றார் டீச்சர்.

அக்கா புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஜன்னலருகே போனாள்.

"இன்னைக்கு ஒரு வேலை இருக்கு டீச்சர். அடுத்த வாரம் ரெண்டு பேரும் வரோம்."

"தங்கச்சிதான் வந்தாச்சே, இன்னும் என்ன வேலை?"

"பழைய பாக்கி வேலை" என்று சொல்லி அக்கா ஜன்னலைச் சாத்தினாள். மெஷினுக்கு உறை போட்டாள். ஊசியின் தோளில் இன்னும் மாட்டியிருந்த கைப்பையைக் கழற்றி வாங்கி, உள்ளேயிருந்து வேகவைத்த முட்டைகளை எடுத்து, ஒன்றை உரித்துத் தங்கையிடம் நீட்டினாள். தரையில் அவள் எதிரே கால் நீட்டி உட்கார்ந்துகொண்டாள்.

"ஏரியிலருந்து ஆரம்பி. பஸ் எத்தனை மணிக்கு?"

"ஒன்பதே காலுக்கு" என்றாள் ஊசி.

"ஜன்னல் சீட்டு கிடைச்சுதா?"